படகின் பின்புற நீச்சல் தளம்: தேக்குப் பலகையைப் பழுதுபார்ப்பது எப்படி?

உல்லாசப் படகின் பின்புறம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைதான் நீச்சல் தளம். நீந்தப் போகிறவர்கள் இதிலிருந்துதான் இறங்குவார்கள், ஏறுவார்கள். பெரும்பாலும் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுச் சேர்த்துச் செய்திருப்பார்கள்.

தேக்கு தண்ணீரைத் தாங்குவதற்குக் காரணம் அதனுள் ஊறியிருக்கும் எண்ணெய். பழுதுபார்க்கும்போது சிக்கலும் அதுவேதான். எண்ணெய் தடவிய நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்காதல்லவா, அப்படித்தான் பசையும். விட்டுப்போன இணைப்பில் பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, இரு முகங்களையும் எண்ணெயை நீக்கும் அசிட்டோன் திரவத்தால் துடையுங்கள். அது உலர்ந்ததும் தாமதிக்காமல் எபாக்சி என்ற இரு கலவைப் பசையைத் தடவுங்கள். நேரம் கடத்தினால் எண்ணெய் மறுபடி மேலே கசிந்துவிடும். இணைப்பை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை அளவாக இறுக்கினால் போதும். ரொம்ப இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும்.

அப்புறம் திருகாணிகள். ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் இருக்கும் துருப்பிடிக்காத எஃகுகூட அரித்துப்போகும். தலை பளபளக்கும், கழுத்து தேய்ந்திருக்கும். ஆள் நிற்கும் இடம் இது. ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கழுவும்போது மென்மையான பிரஷால், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். ரேகையோடு அழுத்தித் தேய்த்தால் மிருதுவான பகுதி அரிக்கப்பட்டு வரிவரியாகப் பள்ளம் விழும். வார்னிஷ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

சாம்பல் நிறமானால் மரம் உளுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயில் மேற்பரப்பை வெளுத்த நிறம்தான். கத்திமுனை மெத்தென்று உள்ளே இறங்கினால் மட்டுமே மரம் போய்விட்டது என்று பொருள்.