காலிப்பர் பின் இறுகியிருந்தா சுத்தியலை எடுக்காதீங்க

அண்ணாச்சி, வண்டி டிஸ்க் பிரேக்குல உள்பக்க பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) தகடு தெரியத் தேஞ்சிருக்கு, வெளிப்பக்கம் பாதிக்கு மேல இருக்கு, காலிப்பர் (பேடை அழுத்துற பாகம்) சறுக்கி நகர்ற கீழ்ப் பின் அசையல, அடிச்சு எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அடிக்க வேண்டாம். பின் தலை நசுங்கிட்டா அப்புறம் ஸ்பானர் பிடிக்காது. பேடு ஒருபக்கமாத் தேஞ்சதுக்குக் காரணமே அந்தப் பின்தான். உவரி கடற்கரை உப்புக்காத்துல நிக்கிற வண்டி, ரப்பர் உறை லேசாக் கிழிஞ்சாலே உள்ள துரு ஏறிரும்.

ஜாக்கை மட்டும் நம்பாம ஸ்டாண்டு வச்சுக்கிடுங்க. காலிப்பரைக் கம்பியால கட்டித் தொங்கவிடுங்க, பிரேக் ஆயில் போற ஹோஸ்ல தொங்கக்கூடாது. பின் சொருகியிருக்கிற பிராக்கெட்டைக் கழட்டி வைஸ்ல பிடிச்சு, துரு இளக்குற ஸ்பிரேயை அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. பேடு, டிஸ்க் மேல அது படவே கூடாது.

காலையில இழுக்காதீங்க, திருப்புங்க. வலம் கொஞ்சம், இடம் கொஞ்சம். ஓரத்துல செங்காவியாத் துருத்தண்ணி கசிஞ்சா இளகுதுன்னு அர்த்தம். எனக்கு ஒருதடவை முக்கால்மணி நேரம் ஆச்சு, ஆனா முழுசா வந்துச்சு. அப்பவும் அசையலன்னா ரப்பரை எடுத்துட்டு, ஸ்பிரேயை நல்லாத் துடைச்சுட்டு (தீப்பிடிக்கும்), பிராக்கெட்டைச் சூடாக்குங்க, பின்னை இல்ல.

பின்னுல குழி விழுந்திருந்தா புதுசு போடுங்க. சிலிகான் கிரீஸ்தான் தடவணும், சாதா கிரீஸ்ல ரப்பர் உப்பிரும். மேல் பின், கீழ்ப் பின் மாறிரக்கூடாது. மாட்டினதும் பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுட்டு வண்டியை நகட்டுங்க.