மாசத்துக்கு 10 பேர் கூட தேடாத கீவேர்டுக்குப் பக்கம் எழுதி மினக்கெடலாமோ?

மினக்கெடலாம். (கீவேர்ட் எண்டா ஆக்கள் கூகிளில அடிச்சுத் தேடுற சொல்லு, ரூல் எண்டா அதை மாசம் எத்தினை பேர் தேடினம் எண்டு காட்டுற கருவி.) என்ன தொழில் எண்டு கேள்வியில சொல்லேல்லை, ஆனா "கீவேர்ட் ரூலில சைபர் காட்டுது, வெப்சைற் செய்து தாற ஆள் உதுக்கு எழுத வேண்டாம் எண்டுறார்" எண்டு போட்டிருக்கிறதைப் பாத்தா ஏதோ சின்ன சேவை ஒண்டு நடத்துறியள் போல. அப்பிடி நினைச்சுத்தான் எழுதுறன். இதே கதையை எங்களுக்கும் சொன்னவை, அதால இதைப் பாத்திட்டு பேசாமல் போக மனம் வரேல்லை.

என்ர அக்கா யாழ்ப்பாணத்தில பதிவு செய்த மொழிபெயர்ப்பாளர். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி எல்லாம் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எண்டு மாத்தி சீல் குத்திக் குடுக்கிறவ. வெப்சைற் அலுவல் என்ர பொறுப்பு. சைற் செய்து தந்தவை "தமிழ் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு" எண்ட பெரிய கீவேர்டைத்தான் பிடிக்க வேணும், அதுக்குத்தான் வொலியூம் (தேடுற ஆக்களின்ர தொகை) இருக்கு எண்டு நிண்டவை. அதைத் தேடுறது ஆர் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு வசனத்தை மாத்திப் பாக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள்தான் கனக்க, அவைக்குத் தேவை கூகிளின்ர மொழிபெயர்ப்புப் பெட்டி, எங்கட அக்கா இல்லை. அதில முதலாம் பக்கத்துக்கு வந்தாலும் ஒரு ரெலிபோன் கோல் வராது.

அக்காவின்ர மேசையில ஒரு சீஆர் கொப்பி கிடக்கு. கோல் எடுக்கிறவை கேக்கிறதை அவையின்ர வாயில வாற மாதிரியே அதில எழுதுங்கோ எண்டு சொல்லி வச்சன். "பிறப்புப் பத்திரத்தில அப்பான்ர பேர் ஒரு மாதிரி, பாஸ்போட்டில வேற மாதிரி, பாஸ்போட்டில உள்ள மாதிரிப் போட்டுத் தருவியளோ", "கொழும்பில பிறந்த பிள்ளை, பத்திரம் சிங்களத்தில கிடக்கு, லண்டனுக்கு அனுப்ப வேணும்", "பழைய பத்திரம், கையெழுத்து வாசிக்கவே ஏலாமல் கிடக்கு என்ன செய்யிறது". இதில ஒண்டுக்கும் ரூலில இலக்கம் இல்லை. ஆனா ஒரே கேள்வியை வேற வேற ஆக்கள் கேட்டிருக்கினம் எண்டு கொப்பியைப் பாத்தாலே தெரியும், அதுக்கு மேல எனக்கு என்ன ஆராய்ச்சி வேணும்?

முதல் எழுதினது அந்தப் பேர் மாறின பிரச்சினைக்கு. எழுத்துக்கூட்டல் மட்டும்தான் வித்தியாசம் எண்டா பாஸ்போட் கொப்பியைக் காட்டினாக் காணும், அதைப் பாத்து எழுதலாம். பேரே வேற எண்டா மூலப் பத்திரத்தில உள்ளதைத்தான் எழுதலாம், மொழிபெயர்க்கிறவர் திருத்தக் கூடாது, பதிவாளர் பக்கம் திருத்தம் எடுக்க வேணும், இல்லாட்டி ஜேபியிட்ட (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி முடிச்சு, அனுப்புற இடம் அதை ஏற்குமோ எண்டு கேட்டு இணைக்க வேணும். வெளிநாட்டு அலுவலுக்கு உறுதிப்படுத்த கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலயே (மாவட்ட செயலகம்) வெளிநாட்டு அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவு இருக்கு எண்டதையும் சேத்துவிட்டன். இவ்வளவுதான் பக்கம். அதுக்கு நாள்கணக்கா ஒருத்தரும் வராமல் கிடக்கும், பிறகு ஒருத்தர் ரொரன்ரோவில இருந்து எங்கட சாமத்தில வட்ஸ்அப்பில பத்திரத்தின்ர படத்தோட வருவார். அவர் முதல் கேக்கிறது விலையை இல்லை, "எப்ப கிடைக்கும்" எண்டுதான். விசா அலுவலில அந்தரப்பட்டு நிக்கிற ஆள், தன்ர பிரச்சினையை அப்பிடியே எழுதி வச்சிருக்கிற இடத்தைக் கண்டால் வேற இடம் தேடிப் போகமாட்டார்.

ரூல் சைபர் காட்டுறதை ஒருத்தரும் தேடேல்லை எண்டு எடுக்காதேங்கோ. கூகிளின்ர கீவேர்ட் பிளானர் விளம்பரம் போடுறவைக்கெண்டு செய்த சாமான். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான தேடல்களை ஒண்டாக்கிப் போடும், விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காத கணக்கெண்டா 10 இல இருந்து 100 எண்டு ஒரு வீச்சைத்தான் காட்டும். ஒவ்வொரு நாளும் வாற தேடலில 15 வீதம் தாங்கள் முந்தி ஒருக்காலும் காணாதது எண்டு கூகிளே கன வருசமா சொல்லுது. எங்கட சனம் வேற ஒரே கேள்வியைத் தமிழிலயும் அடிக்கும், இங்கிலீஷ் எழுத்திலயும் அடிக்கும், பாதி பாதியாயும் அடிக்கும், பிறகு என்னெண்டு அது ஒரு இலக்கமாச் சேரும்? உங்கட சைற்றுக்கு ஆக்கள் என்ன தேடி வந்தவை எண்டு கூகிள் காட்டுற சேர்ச் கொன்சோலைத் திறந்து பாருங்கோ, அதிலயும் மிகக் குறைவான ஆக்கள் தேடினதை ஆளின்ர அந்தரங்கம் எண்டு மறைச்சுப் போடும், மொத்தக் கிளிக்கில மட்டும்தான் அது சேரும். அதாலதான் தனித்தனி வரியைக் கூட்டினா மொத்தத்தை விடக் குறையிறது.

எஸ்இஓ (தேடலில சைற்றை மேல கொண்டுவாற வேலை) தெரிஞ்ச ஆக்கள் கீழ வந்து சண்டை பிடிக்க முதல் நானே சொல்லிவிடுறன், இது எல்லாருக்கும் பொருந்தாது. செய்தித் தளமோ சமையல் குறிப்போ நடத்தி அட்சென்ஸில (சைற்றில கூகிள் போடுற விளம்பரத்தில) உழைக்கிறவைக்கு ஆக்கள் தொகையாய் வரவேணும், அவை இந்த வழியால போனாக் கையில ஒண்டும் மிஞ்சாது. அதோட மானிப்பாய், சுன்னாகம், சாவகச்சேரி எண்டு ஊர்ப்பேரை மட்டும் மாத்தி ஒரே பக்கத்தை வரிசையாய் அடுக்கச் சொல்லேல்லை, அது கூகிளின்ர ஸ்பாம் விதிக்கை வாற வேலை, முழு சைற்றும் சேத்து அடிபடலாம். ஒரு கேள்விக்கு ஒரு உண்மையான பதில் இருந்தா எழுதுங்கோ, ரெண்டு வரியில முடியுமெண்டா இருக்கிற பக்கத்திலயே சேருங்கோ. இனி எல்லாத்துக்கும் ஏஐயே மேல பதில் சொல்லுதே எண்டும் கேப்பியள். சொல்லட்டும், சீல் குத்தி கையெழுத்து வைக்க ஆள் வேணும்தானே.

இன்னொண்டு, கேக்காத விசயம்தான், ஆனா சொல்லாமல் விட ஏலாது. எங்களுக்கு சைற் செய்து தந்த அதே ஆக்கள் டொமைனை (வெப்சைற்றின்ர விலாசப் பேரை) தங்கட பேரில பதிஞ்சு வச்சிருந்தவை. காசு குடுத்தது அக்கா, கடையின்ர பேர் அக்கான்ரது, பாஸ்வேர்ட் கேக்க "மாத்தித் தர தனிக் காசு" எண்டினம். கன மாசம் இழுத்தடிச்சு, கடைசியில கேட்டதைக் குடுத்துத்தான் எடுத்தனாங்கள். இண்டைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது, யாழ்ப்பாணத்தில எத்தினை சின்னக் கடைக்காரர் இப்பிடி மாட்டியிருக்கினமோ தெரியாது. உங்களை வேண்டாம் எண்ட அந்த ஆளிட்ட ஒருக்காக் கேளுங்கோ, டொமைன் ஆற்ற பேரில கிடக்கு, புதுப்பிக்கச் சொல்லி வாற மின்னஞ்சல் ஆருக்குப் போகுது எண்டு. உங்கட பேரில இல்லை எண்டா முதல் அதை எடுங்கோ, கீவேர்டைப் பிறகு பாப்பம்.