காஸ் விதி: வகுப்பில் புரிகிறது, கணக்கு வரவில்லை

காஸ் விதி வகுப்பில் புரிகிறது, கணக்குதான் வரவில்லை, அதனால் பி.எஸ்சி. மின்காந்தவியலுக்கு டியூஷன் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் எந்த வரியில் சிக்குகிறது என்று கண்டுபிடியுங்கள்.

இதைப் போட்டுப் பாருங்கள்: சீராக மின்னூட்டப்பட்ட திண்மக் கோளம், மையத்திலிருந்து பாதி ஆரத்தில் மின்புலம் என்ன? பலர் மொத்த மின்னூட்டத்தையும் போட்டுவிடுவார்கள். காஸ் பரப்புக்குள், அதாவது பாதி ஆரத்தில் நாம் கற்பனையாக வரையும் கோளத்துக்குள், இருப்பது கன அளவு விகிதப்படி எட்டில் ஒரு பங்குதான். விடை, கோளப் பரப்பிலுள்ள புலத்தில் சரிபாதி வர வேண்டும்.

இது வந்துவிட்டால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் தொகையீட்டில்தான். அதற்குக் கணிதத் துறை ஆசிரியரே போதும். வராவிட்டால் என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையப் பாடத்தளம்) பாடங்கள் இலவசம். நிலைமின்னியலை மட்டும் பாருங்கள், வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கணக்கை நீங்களே முடியுங்கள்.

ஆசிரியரிடம் போகும்போது பாதியில் நின்ற தாளையே கொண்டுபோங்கள். "புரியல சார்" என்றால் பாடம் முழுவதையும் திரும்பச் சொல்வார், நீங்கள் நின்ற இடம் அப்படியே இருக்கும்.