கூடுவதும் திரள்வதும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைத் தூர்வார வலியுறுத்தி எங்கள் மகளிர் குழு ஒரு துண்டறிக்கை தயாரித்தது. ‘உழவர்களே, அணிதிரள்வீர்!’ என்று நான் தலைப்பிட்டேன். குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர், “அது தொழிற்சங்கத்தார் சொல், நமக்குக் ‘கூடுவீர்’ போதும்” என்றார். அச்சகத்தில் அதை ‘அணி திரட்டுவீர்’ என்று மாற்றி, இரண்டு சொல்லாகப் பிரித்தும் அடித்துவிட்டார்கள். இவற்றில் எது சரி?

ம., பாகூர்

அன்புள்ள ம.,

மூன்றும் நல்ல தமிழ்தான், ஆனால் மூன்றும் ஒரே செயலைக் குறிப்பவை அல்ல.

‘திரள்’ என்ற சொல்லின் பொருளை மேடையில் தேடுவதைவிட அடுப்படியில் தேடுவது எளிது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் என் அத்தை தயிர் கடையும்போது நெடுநேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு கடுகளவு மணிகள் மேலே மிதக்கத் தொடங்கும். கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்றி இன்னும் நாலு இழுப்பு இழுத்தால், அந்த மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையாகிவிடும். அத்தை தாழிக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டார். மத்தின் ஓசை மாறியதைக் கேட்டே “திரண்டுடுச்சு” என்பார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்கிற பழமொழியும், திரட்டுப்பாலும், திரண்ட தோளும், முத்தின் திரட்சியும் இந்தப் பொருளில்தான் நிற்கின்றன. சிதறிக் கிடந்தது இறுகி ஓர் உருவம் கொள்வதே திரள்வது. கூடுவதற்கு இந்த இறுக்கம் வேண்டியதில்லை. சந்தையில் கூடுகிறோம், கல்யாணத்தில் கூடுகிறோம், ஆறுகள் கூடும் ஊராகையால் கூடலூர் என்றிருந்ததே கடலூர் ஆயிற்று என்பார்கள்.

உங்கள் அக்கா சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்தச் சொல் தொழிற்சங்கங்களைவிட மிகப் பழையது என்றாலும், நம் பகுதியில் அது சங்கத்தார் வாயில் ஊறியதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரிப் பஞ்சாலைகளின் வாயிலில், சங்கு ஊதியதும் தொழிலாளர் நாள்தோறும் கூடத்தான் செய்தார்கள். அதே ஆட்கள், அதே வாயில், ஆனால் அதை யாரும் திரள்வது என்று சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு, ஆலையைவிட்டு வெளியேறாமல் உள்ளேயே அமர்ந்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தக் கூட்டம் திரள் ஆயிற்று. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் காவல்படை சுட்டதில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அவர்களை நினைவுகூரும் ஊரில், ‘அணிதிரள்வோம்’ என்றதும் சங்கக் கொடி நினைவுக்கு வராமல் இருக்குமா?

முன்னால் நிற்கும் ‘அணி’ வரிசையையும் படைவகுப்பையும் குறிக்கும். அதே சொல் நகைக்கும் செய்யுள் அழகுக்கும் உரியது, இன்று கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கும் ஆகிவந்துவிட்டது, உடைந்த கட்சியின் ஒவ்வொரு துண்டுக்கும் கூட அதுவே பெயர். ‘அணியாகத் திரள்’ என்பதில் ‘ஆக’ மறைந்து ஒரே வினையாக இறுகியிருப்பதால் ‘அணிதிரள்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால், ஏதோ ஓர் அணி தானாகத் திரள்வதாகப் படிக்க இடமாகிவிடும்.

அச்சகத்தார் செய்த மாற்றம் இடைவெளியோடு நிற்கவில்லை. உருள், உருட்டு, சுருள், சுருட்டு, மிரள், மிரட்டு என்பவற்றைப்போலத் திரள் தன்வினை, திரட்டு பிறவினை. நிதியையும் ஆதரவையும் கையெழுத்தையும் திரட்டுகிறோம். அவை தாமாக வருவதில்லை, யாரோ ஒருவர் வீடு வீடாகப் போயாக வேண்டும். ‘உழவர்களே, அணிதிரட்டுவீர்’ என்றால், படிக்கும் உழவரிடம் “நீர் போய் மற்றவர்களைக் கொண்டுவாரும்” என்று வேலை ஏவியதாகிறது. நீங்கள் கேட்டது அவருடைய வருகையை. குழு உறுப்பினர்களுக்கு எழுதும் சுற்றறிக்கையில் ‘அணிதிரட்டுங்கள்’ என்பதே பொருந்தும், ஊருக்கு எழுதும் துண்டறிக்கையில் பொருந்தாது.

‘-வீர்’ பற்றியும் ஒன்று. ‘திரள்வீர்’ இலக்கணப்படி எதிர்கால முற்று, ‘வாக்களிப்பீர்’ என்ற சுவரெழுத்தைப்போல நம்பிக்கையையே கட்டளையாக்கும் வடிவம். ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்ற சுவரொட்டித் தொடரை மட்டும் நான் தவிர்ப்பேன். ‘வாரீர்’ என்பதற்கு ‘வாருங்கள்’ என்ற பொருளோடு, பழைய எதிர்மறையில் ‘வரமாட்டீர்கள்’ என்ற பொருளும் உண்டு. கடலூரில் பல கூட்டங்களின் காலி நாற்காலிகளைப் பார்த்திருக்கிறேன், அங்கெல்லாம் இரண்டாவது பொருள்தான் பலித்தது.

உங்கள் துண்டறிக்கைக்கு என் யோசனை இது: தலைப்பில் ‘அணிதிரள்வோம்’ என்று வையுங்கள். ‘வீர்’ என்னும்போது சொல்பவர் வெளியே நிற்கிறார், ‘வோம்’ என்னும்போது நீங்களும் வாய்க்காலில் இறங்குகிறீர்கள். நாளும் நேரமும் இடமும் சொல்லும் வரிக்கு அக்காவின் சொல்லே சரி. ‘ஞாயிறு காலை 7 மணிக்கு ஏரி மதகடியில் கூடுவோம்’ என்றால் யாருக்கும் ஐயம் வராது.

மறு அச்சுக்குப் போகும்முன் இன்னொரு திருத்தம். நீங்கள் இணைத்திருந்த படியில் இரண்டாம் வரி ‘வாய்க்காலை தூர்வார’ என்று இருக்கிறது. ‘வாய்க்காலைத் தூர்வார’ என்று ஒற்றைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.