வாசகர் கேள்வி பதில்: கணுக்கால் பாவாடையும் டென்னிஸும்

கேள்வி: எங்கள் பழைய பெட்டியில் கிடைத்த படமொன்றில், பெண்கள் கணுக்கால் வரை நீண்ட வெள்ளைப் பாவாடையும் தொப்பியும் அணிந்து டென்னிஸ் ஆடுகிறார்கள். இவ்வுடையில் எப்படி ஓடினார்கள்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அதிகம் ஓடவில்லை என்பதே உண்மை. 1874இல் விங்ஃபீல்டு என்ற பிரித்தானியப் படை அதிகாரி காப்புரிமை பெற்ற புல்தரை டென்னிஸ், தொடக்கத்தில் தோட்ட விருந்துகளின் பொழுதுபோக்காக இருந்தமையால், பெண்கள் விருந்து உடையோடு, இறுக்கிய இடைக்கச்சையையும் கழற்றாமலே ஆடினர். வியர்வைக் கறையை மறைக்குமென்று வெள்ளை நிலைத்தது; 1884இல் விம்பிள்டனின் முதல் மகளிர் பட்டத்தை வென்ற மோட் வாட்சனும் வெள்ளையே அணிந்திருந்தார். 1919இல் பிரெஞ்சு வீராங்கனை சுசான் லெங்லென் அதே விம்பிள்டனில் இடைக்கச்சையின்றி, கெண்டைக்கால் தெரியும் உடையில் வந்து வென்றபோது பலர் முகம் சுளித்தனர். (திருகோணமலை வெயிலில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்திருந்தால் சுளித்திருக்கமாட்டார்கள்.) ஆண்களும் 1930களின் தொடக்கம் வரை முழுக்காற்சட்டையில்தான் வியர்த்தனர். உங்கள் படம் பெரும்பாலும் 1920க்கு முற்பட்டதாக இருக்கும்.