சிலந்தி போலப் பூக்கும் ஆர்க்கிடுகள்: கேள்வி-பதில்

கேள்வி: சிலந்தி ஆர்க்கிட் என்று வாங்கி வந்த செடி இரண்டு வருடமாக இலை மட்டும்தான் விடுகிறது. ஏன் பூக்க மாட்டேன் என்கிறது?

பதில்: அடியில் தட்டையாகப் புடைத்த பச்சைக் குமிழும், அதன் உச்சியில் நீளமான இலைகளும் இருந்தால் உங்களிடம் இருப்பது பிராசியா. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் இனம். பூக்காததற்குப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான் காரணம். இலை கரும்பச்சையாக இருந்தால் செடிக்கு ஒளி போதவில்லை. சற்று வெளிறிய பச்சைதான் பிராசியாவுக்கு நல்ல நிறம். காலை வெயில் விழுகிற, நண்பகல் வெயில் நேராக அடிக்காத இடத்துக்கு மாற்றுங்கள்.

அப்புறம், புது இலை விசிறி மடிப்பு மாதிரி சுருங்கிச் சுருங்கி வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால், வளரும் நேரத்தில் குருத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. இதைப் பார்த்ததும் பலர் குடம் குடமாக ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் செடி தாகத்தில் இருக்கிறது. பழுப்பாகி, விரலால் நசுக்கும்போது தோல் உருவிக்கொண்டு வந்தால் வேர் அழுகிவிட்டது. அழுகிய வேரை வெட்டிவிட்டுப் புது மரப்பட்டைத் துண்டுகளில் நடுங்கள். மடிந்த இலை இனி நிமிராது. அடுத்த குருத்தில்தான் மாற்றம் தெரியும். செடியைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கவும் வேண்டாம். முதிர்ந்த குமிழ்கள் சேர்ந்து இருந்தால்தான் பூக்காம்பு விடத் தெம்பு இருக்கும்.

கேள்வி: பூச்சிகளை ஏமாற்றத்தான் இந்தப் பூக்கள் சிலந்தி வடிவம் எடுத்தனவா?

பதில்: பிராசியாவைப் பொறுத்தவரை நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் அதுதான். சிலந்தி வேட்டையாடும் பெண் குளவி, பூவைச் சிலந்தி என்று எண்ணிக் கொட்டப் பாய்கிறது. அப்போது மகரந்தத் திரள் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். ஆனால் சிலந்திப் பெயர் கொண்ட ஆர்க்கிடுகள் எல்லாமே சிலந்தியைக் காட்டி ஏமாற்றுவதில்லை. ஐரோப்பாவின் ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடெஸைப் பாருங்கள். உதடு போன்ற இதழ் பழுப்பாக, ரோமம் அடர்ந்து, நடுவில் பளபளக்கும் ஒரு குறியோடு இருக்கும். நமக்கு அது கொழுத்த சிலந்தியின் முதுகு. ஆனால் அந்தப் பூ அழைப்பது ஒரு வகை ஆண் தேனீயை. அதன் பெண் தேனீ உடலில் உள்ள மெழுகுப் பொருட்களையே பூவும் அதே கலவையில் சுரக்கிறது என்று ஆய்வாளர் ஃபுளோரியன் ஷீஸ்டல் குழுவினர் 1999-இல் காட்டினார்கள். ஆண் தேனீ உதட்டின்மேல் இறங்கிப் புணர முயலும்போது மகரந்தத் திரள் தலையில் ஒட்டிக்கொள்கிறது.

எனக்கு இதைவிட வியப்பு அடுத்த கட்டம். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூ மணத்தை மாற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் தேனீயிடமிருந்து வரும் ஃபார்னெசில் ஹெக்சனோயேட் என்ற பொருளைக் கூடுதலாக வெளியிடுகிறது. ஆண் தேனீ இந்தப் பூவை விட்டுவிட்டு அதே செடியின் மற்றொரு பூவுக்குப் போகிறது.

ஆஸ்திரேலியாவின் கலடீனியா வகை ஆர்க்கிடுகளில் ஏமாறுவது பல நேரம் ஆண் குளவி. அந்தக் குளவி இனத்தில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. ஆண்தான் தூக்கிக்கொண்டு பறக்கும். பூவின் உதட்டைப் பெண் என்று எண்ணித் தூக்கப் பார்க்கிறது. சிலந்திக் கால்கள் போலத் தொங்கும் இதழ்களின் நுனியைக் கவனித்தால், பல இனங்களில் அது தடித்திருக்கும். மணம் கிளம்புவது அங்கிருந்துதான். ஆக, நாம் வடிவத்தைப் பார்த்து மயங்குகிறோம். இந்த இரண்டு குழுவிலும் பூச்சியை முதலில் இழுப்பது மணம்.

கேள்வி: இணையத்தில் சிலந்தி ஆர்க்கிட் விதை பாக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். உள்ளே முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அதற்கும் கிருமி நீக்கிய குடுவை வேண்டும். தொட்டி மண்ணில் தூவினால் எதுவும் வராது. கண்ணால் பார்த்து எண்ணுகிற அளவில் விதை வந்தால் அது ஆர்க்கிடே இல்லை.

கேள்வி: ஸ்பைடர் லில்லியும் இந்தக் குடும்பமா?

பதில்: இல்லை. அது அமரில்லிஸ் குடும்பம். கிழங்கில் நச்சு உண்டு. வீட்டில் நாய், பூனை இருந்தால் கவனம்.

கேள்வி: நாள் முழுக்க வெயில் அடிக்கும் திறந்த இடத்தில் எது தாங்கும்?

பதில்: அராக்னிஸ். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. மஞ்சள் கலந்த பச்சை இதழில் செம்பழுப்புப் பட்டைகள். கம்பத்தில் ஏறி ஆள் உயரத்துக்கும் மேலே போகும். உச்சி முழு வெயிலைத் தொட்ட பிறகுதான் பூக்கும், அதனால் பொறுமை வேண்டும். இடம் குறைவென்றால் இதை வாண்டா என்ற வேறொரு ஆர்க்கிடோடு கலந்து உருவாக்கிய அராண்டாவோ, மொகாராவோ வாங்குங்கள். பூ எளிதில் வரும், சிலந்திச் சாயல் மட்டும் குறையும். கலடீனியாவையும் ஓஃப்ரிஸையும் காட்டிலிருந்து தோண்டி எடுத்து வர யாரும் நினைக்க வேண்டாம். வேரோடு வாழும் பூஞ்சையைப் பிரிந்தால் பெரும்பாலும் செத்துவிடும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் அனுமதிச் சான்று கேட்பார்கள்.