மறுமொழி: கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் மகள்

வணக்கம். பத்து வயது மகள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதையும், அரைப்பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்பதையும், விரல்கள் பின்புறமாக வெகுவாக வளைவதையும் எழுதியிருந்தீர்கள். இதைக் கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டாம்; மூட்டுகள் அளவுக்கு மேல் வளையும் மூட்டுத் தளர்வு இதற்குக் காரணமாக இருக்கலாம்.

கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே இருக்கிறது என்று நாம் அறிவது, தசைகள், தசைநாண்கள், மூட்டுறைகள் ஆகியவற்றில் உள்ள உணர்விகள் மூளைக்கு அனுப்பும் செய்தியால்தான். மூட்டுத் தளர்வு மிகுந்த பலரிடம் இச்செய்தியின் துல்லியம் குறைவதால், பென்சிலைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்பதும், முழங்காலைப் பின்னோக்கித் தள்ளி நிற்பதும் அவர்களுக்கு இயல்பாகிவிடுகின்றன. மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று சோதித்துப் புள்ளியிடும் பெய்ட்டன் அளவீட்டின் 9 புள்ளிகளில் குழந்தைகளுக்கு 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடலின் பல மூட்டுகளிலும் மிகைத்தளர்வு என்பார்கள். ஆனால் அந்த எண் மட்டுமே நோயாகிவிடாது.

விரலை வளைத்துக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்க்கும் உறவினரை (எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு) முதலில் தடுங்கள். மூட்டுகளை மேலும் இழுத்து நீட்டும் பயிற்சிகளைவிட, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முழங்காலைச் சற்றே தளர்த்தி ஒற்றைக்காலில் நிற்பது போன்று தசையை வலுவாக்கிச் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகளே பயன்தரும் என்பது என் கருத்து. அவற்றை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். மூட்டு அடிக்கடி நழுவினாலோ, தோல் வழக்கத்தைவிட மிகுதியாக இழுபட்டாலோ குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.